வெயில் ஏறினால் மின்சாரம் ஏறுமா? சோலார் கணக்கில் வெப்பநிலை

சோலார் பேனல் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு விதமான கருத்து காதில் விழும். "வெயில் கொளுத்துது, இன்னிக்கு யூனிட் அள்ளிக்கிட்டு வரும்" என்பது ஒன்று. கொஞ்சம் படித்துவிட்டு வந்தவர்கள் சொல்வது மற்றொன்று: "சூடு ஏறினால் பேனல் படுத்துவிடும், வெப்பமான இடத்தில் சோலாரே தண்டம்." முதல் கருத்து வெளிச்சத்தையும் சூட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. இரண்டாவது, உண்மையிலேயே நடக்கும் ஒரு விஷயத்தை எடுத்து ஊதிப் பெரிதாக்குகிறது.

பேச்சோடு நின்றால் பரவாயில்லை. ஒரு கூரையில் பேனல் போட்டால் ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் வரும் என்று மென்பொருளில் போட்டுப் பார்க்கிறோமே, அந்த சிமுலேஷனுக்குள்ளும் இதே குழப்பம் புகுந்துவிடுகிறது. அங்கே புகுந்தால் கண்ணுக்கும் தெரியாது. தவறான உள்ளீட்டைக் கொடுத்தாலும் விடை இரண்டு தசமத்தோடு மிடுக்காகத்தான் வந்து நிற்கும்.

ஆகவே அடியிலிருந்து வருவோம்.

வெளிச்சம் வேறு, சூடு வேறு

சூரியனிடமிருந்து வருவது ஒளி. அது ஒரு பொருளின் மேல் விழுந்து உறிஞ்சப்படும்போது பெரும்பகுதி சூடாக மாறுகிறது. சோலார் செல் செய்யும் வேலை, அந்த ஒளியில் ஒரு பங்கு சூடாவதற்கு முன்பே அதை மின்சாரமாகப் பிடித்துக்கொள்வது. இன்று விற்கும் சிலிக்கான் பேனல்கள் தம்மேல் விழும் ஒளி ஆற்றலில் ஏறக்குறைய 20 முதல் 23 சதவீதத்தை மின்சாரமாக்குகின்றன. சிறு பங்கு கண்ணாடியில் பட்டுத் திரும்பிவிடும். மீதி எல்லாம் பேனலையே சுட வைக்கிறது.

அதாவது பேனலுக்கு ஒளிதான் சாப்பாடு. சூடு என்பது அந்தச் சாப்பாட்டோடு சேர்ந்து வரும் தொல்லை. தண்ணீர் சூடாக்கக் கூரையில் வைக்கும் சோலார் ஹீட்டர் வேறு சாதி. அதற்குச் சூடுதான் வேண்டும். இரண்டையும் "சோலார்" என்றே அழைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது என்பது என் எண்ணம்.

வெயில் உச்சியில் இருக்கும்போது பேனல் அதிகம் தருகிறது என்றால் அதற்குக் காரணம் ஒளி. அதே ஒளி, காற்று மட்டும் குளிர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தந்திருக்கும்.

ஓட்டை வாளி

சூடு ஏறினால் ஏன் குறைகிறது? அடியில் ஓட்டை விழுந்த ஒரு வாளியைக் குழாய்க்குக் கீழே வையுங்கள். குழாய் திறந்திருக்கிறது, தண்ணீர் விழுகிறது. வாளியில் மட்டம் ஏற ஏற அழுத்தம் கூடி, ஓட்டை வழியாகப் போகும் தண்ணீரும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் விழுவதும் ஒழுகுவதும் சமமாகி, மட்டம் அப்படியே நிற்கிறது.

குழாயிலிருந்து விழும் தண்ணீர்தான் ஒளி எழுப்பிவிடும் எலக்ட்ரான்கள். வாளியில் நிற்கும் மட்டம் செல்லின் வோல்ட்டேஜ். ஓட்டை என்பது, எழுந்த எலக்ட்ரான் வெளிக்கம்பிக்கு வந்து வேலை செய்யாமல் செல்லுக்குள்ளேயே மறுபடி தன் குழியில் விழுந்துவிடும் வழி. இதற்கு மறுசேர்க்கை என்று பெயர்.

செல் சூடாகும்போது என்ன ஆகிறது என்றால், ஓட்டை பெரிதாகிறது. குழாயில் வரும் தண்ணீர் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. ஒழுகல் வேகமாகிவிட்டதால் மட்டம் முன்பைவிடத் தாழ்வாக நிற்கிறது, வோல்ட்டேஜ் இறங்குகிறது.

ஒற்றை சிலிக்கான் செல்லைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அளவு புரியும். எதோடும் இணைக்காமல் விட்டால் அதன் வோல்ட்டேஜ் சுமார் 0.7 வோல்ட். ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அதில் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் கழிகிறது. 40 டிகிரி ஏறினால் 80 மில்லிவோல்ட் போச்சு. கேட்கச் சின்ன எண்தான், ஆனால் இருப்பதே 700 மில்லிவோல்ட் என்னும்போது அது பத்தில் ஒரு பங்குக்கு மேல்.

கரண்ட் என்ன ஆகிறது? ஒரு வினோதம்: அது மிக லேசாகக் கூடுகிறது, டிகிரிக்கு 0.05 சதவீதம் என்ற அளவில். சூடான சிலிக்கான் கொஞ்சம் கூடுதல் அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சிக்கொள்வதே காரணம். "சூட்டில் ஆம்பியர் கூடுதே" என்று கிளாம்ப் மீட்டரைக் காட்டி வாதிடுபவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வாட் என்பது வோல்ட்டும் ஆம்பியரும் பெருகி வருவது. ஆம்பியரில் கிடைக்கும் சில்லறை, வோல்ட்டில் போகும் நோட்டை ஈடுகட்டாது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: ஒளி கரண்டைத் தீர்மானிக்கிறது, சூடு வோல்ட்டேஜை இறக்குகிறது, இரண்டும் சேர்ந்ததுதான் வாட்.

டேட்டாஷீட்டில் இருக்கும் அந்த எண்

பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் "400 வாட்" என்ற எண் தொழிற்கூடத்தில் ஒரு குறிப்பிட்ட நிலையில் அளந்தது. சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி, ஒளியின் நிறக்கலவையும் வரையறுத்த ஒன்று. இதற்குத் தரச் சோதனை நிலை, சுருக்கமாக எஸ்டிசி என்று பெயர். சோதனையில் ஒளியை ஒரு மின்னலைப் போலப் பளிச்சென்று அடித்து அதற்குள் அளந்துவிடுகிறார்கள். செல் சூடாக நேரமே கிடைப்பதில்லை. வெளியே கூரையில் முழு ஒளியும் 25 டிகிரி செல்லும் ஒரே நேரத்தில் கூடி வருவது அபூர்வம்.

அதனால்தான் டேட்டாஷீட்டில் வெப்பநிலைக் குணகம் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். செல் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் திறன் எத்தனை சதவீதம் குறையும் என்பதே அது. பெர்க் வகை சிலிக்கான் பேனல்களுக்கு 0.35 அருகே, டாப்கான் வகைக்கு 0.30 அருகே, ஹெட்டரோஜங்ஷன் வகைக்கு 0.25 அருகே இருக்கும். முன்னால் ஒரு கழித்தல் குறி உண்டு. 25-க்குக் கீழே செல் இறங்கினால் அதே எண் கூட்டலாகத் திரும்பி, திறன் கூடும்.

டேட்டாஷீட்டில் குணகங்கள் மூன்று வரும்: திறனுக்கு ஒன்று, வோல்ட்டேஜுக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. அவசரத்தில் வோல்ட்டேஜ் குணகத்தை எடுத்துத் திறன் கணக்கில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். வோல்ட்டேஜ் குணகம் அளவில் சிறியது, அதனால் விடை நல்லதாகத் தெரியும். நல்லதாகத் தெரியும் விடையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எந்த வெப்பநிலை?

சிக்கல் முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நண்பகலில் வெட்டவெளியில் இரண்டு மணி நேரம் நிறுத்திய பைக்கின் கறுப்பு சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா? வானிலை அறிக்கை 35 டிகிரி என்கிறது. சீட் தொடையைச் சுடுகிறது. 35 என்பது நிழலில் அளந்த காற்றின் வெப்பநிலை. சீட் அதைவிட எங்கோ மேலே இருக்கிறது. பேனலும் கறுப்பு, அதுவும் வெயிலில்தான் கிடக்கிறது.

குணகம் கேட்பது செல்லின் வெப்பநிலையை. மென்பொருளுக்கு நாம் கொடுக்கும் வானிலைக் கோப்பு தருவது காற்றின் வெப்பநிலையை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். மிக எளிய பாலம், டேட்டாஷீட்டிலேயே இருக்கும் இயல்பு இயக்கச் செல் வெப்பநிலை, அதாவது என்ஓசிடி. சதுர மீட்டருக்கு 800 வாட் ஒளி, 20 டிகிரி காற்று, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, பின்பக்கம் திறந்த சட்டம். இந்த நிலையில் செல் எத்தனை டிகிரிக்குப் போகிறது என்பதே என்ஓசிடி. பெரும்பாலான பேனல்களுக்கு 45 டிகிரியை ஒட்டி வரும். அதாவது 800 வாட் ஒளிக்குக் காற்றைவிட 25 டிகிரி அதிகம். ஒளி கூடினால் இந்த வித்தியாசமும் அதே விகிதத்தில் கூடும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

400 வாட் பேனல், குணகம் 0.35, என்ஓசிடி 45, முழு ஒளி 1000 வாட், காற்று 35 டிகிரி. ஒளியால் ஏறும் சூடு 25-ஐ 800-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் 31.25 டிகிரி. செல் 66.25 டிகிரி. 25-க்கு மேல் 41.25 டிகிரி. அதை 0.35-ஆல் பெருக்கினால் 14.4 சதவீதம் குறைவு. கிடைப்பது ஏறத்தாழ 342 வாட்.

இதே கணக்கில் செல்லுக்குப் பதில் காற்றின் 35 டிகிரியைப் போட்டால் குறைவு வெறும் 3.5 சதவீதம், விடை 386 வாட். நான் முதன்முதலில் எக்செலில் போட்ட சோலார் கணக்கில் செய்தது இதைத்தான். 44 வாட் காற்றில் பறந்தது, எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

இப்போது காற்றை 5 டிகிரிக்கு இறக்குங்கள், ஒளி அதே 1000. செல் 36.25 டிகிரி, குறைவு 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே, கிடைப்பது 384 வாட். கைகள் விறைக்கும் குளிரிலும் முழு ஒளியில் செல் 25 டிகிரியைத் தாண்டி நிற்கிறது. இன்னொரு பக்கம், 35 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் பேனலில் 42 வாட்தான். ஒளி பாதியாகக் குறைந்தால் போவது 160 முதல் 180 வாட். "சூடான இடத்தில் சோலார் தண்டம்" என்பவருக்கு இந்த ஒப்பீடே போதும்.

சிமுலேஷன் உள்ளே என்ன நடக்கிறது

மென்பொருள் செய்வது மேலே கையால் போட்ட அதே கணக்குதான், ஆண்டின் 8760 மணி நேரத்துக்கும் தனித்தனியாக. ஒவ்வொரு மணிக்கும் வானிலைக் கோப்பிலிருந்து ஒளி, காற்றின் வெப்பநிலை, காற்றின் வேகம் மூன்றையும் எடுக்கிறது. பேனலின் சாய்வுக்கு ஏற்ப அதன்மேல் விழும் ஒளியைக் கணிக்கிறது. பிறகு செல்லின் வெப்பநிலை, அதிலிருந்து திறன். எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டு உற்பத்தி.

மென்பொருளுக்கு மென்பொருள் மாறுவது அந்தப் பாலம். நல்ல மென்பொருள்கள் அதை ஒரு வரவு செலவாகப் பார்க்கின்றன. ஒளியாக வந்து மின்சாரமாக வெளியேறாத ஆற்றல் வரவு. சுற்றியுள்ள காற்றுக்குப் போகும் சூடு செலவு. இரண்டும் சமமாகும் வெப்பநிலையில் பேனல் நிற்கும். சூடு எவ்வளவு எளிதாக வெளியேறுகிறது என்பதை ஒரு எண்ணால் சொல்கிறார்கள்: வெப்ப இழப்புக் காரணி. எண் பெரிதானால் பேனல் குளுமையாக இருக்கும்.

பிவிசிஸ்ட் என்ற மென்பொருளில் இந்தக் காரணிக்குத் தரும் வழக்கமான மதிப்புகள் மூன்று. பின்பக்கம் காற்று தாராளமாகப் போய்வரும் சட்டத்துக்கு 29. பின்னால் ஒடுங்கிய காற்றுவழி மட்டும் இருந்தால் 20. முதுகு முழுக்க வெப்பம் கடத்தாத பொருளால் மூடியிருந்தால் 15. அதன் சமன்பாட்டில் 1000 வாட் ஒளியையும் 20 சதவீதத் திறனையும் போட்டால், உறிஞ்சப்படாத பத்தில் ஒரு பங்கும் போக, சூடாக வெளியேற வேண்டியது சுமார் 720 வாட். 720-ஐ 29-ஆல் வகுத்தால் காற்றைவிட 25 டிகிரி அதிகம். 15-ஆல் வகுத்தால் 48 டிகிரி அதிகம். பேனல் அதே, வெயில் அதே. 23 டிகிரி வித்தியாசம், உச்சி நேரத்தில் 8 சதவீதத் திறன் வித்தியாசம். மெனுவில் ஒரு வரியை மாற்றித் தேர்ந்ததால் வந்தது இது.

இதனாலேயே, குணகம் 0.35 உள்ள பேனலா 0.30 உள்ள பேனலா என்று மணிக்கணக்கில் விவாதித்துவிட்டு, கூரைக்கும் பேனலுக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று கேட்காமல் போவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பேனலின் பின்பக்கம் கையை நுழைத்துப் பாருங்கள். விரல்களில் காற்று படுகிறதா, அல்லது அடுப்பு வாய் போல அனல் தேங்கி நிற்கிறதா? மென்பொருள் கேட்கும் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

காற்றின் வேகத்திலும் ஒரு பொறி உண்டு. வானிலைக் கோப்பில் இருக்கும் வேகம் வழக்கமாக 10 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில் அளந்தது. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பேனலுக்கு அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். கோப்பில் உள்ளதை அப்படியே கொடுத்தால், இல்லாத காற்று பேனலுக்கு விசிறி வீசும். மேலே சொன்ன 29 என்ற மதிப்போடு பிவிசிஸ்ட் காற்றுக்கெனத் தனிக் காரணி எதுவும் சேர்ப்பதில்லை. மிதமான காற்றின் பங்கு அந்த 29-க்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதை இறக்காமல், காற்றுக்கு இன்னொரு காரணியையும் மேலே போடுவது குளிர்ச்சியை இரண்டு முறை எண்ணுவதாகும்.

சுருக்கமாக, செல் வெப்பநிலையை முடிவு செய்வது மூன்று: விழும் ஒளி, சுற்றியுள்ள காற்று, சூடு தப்பிக்கும் வழி. முதல் இரண்டையும் வானிலைக் கோப்பு தந்துவிடும். மூன்றாவதை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

மென்பொருள் சூட்டைக் கண்டுகொள்ளாதபோது

கட்டடங்களின் ஆற்றலைக் கணிக்கும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் சோலார் பேனலுக்கு மூன்று மாதிரிகள் உண்டு. அவற்றில் "எளிய" மாதிரிக்கு நாம் ஒரு திறன் சதவீதத்தைத் தருகிறோம். அது பரப்பையும் ஒளியையும் அதோடு பெருக்கி விடை தருகிறது. அவ்வளவே. செல் 10 டிகிரியில் இருந்தாலும் 70 டிகிரியில் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். இது மென்பொருளின் குறை இல்லை. ஆரம்பக் கட்ட வடிவமைப்பில் தோராயமாகப் பார்க்கவே அந்த மாதிரி. இரண்டு நாடுகளின் வானிலைக் கோப்பை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, "வெப்பநிலையால் வித்தியாசமே இல்லை, பாருங்கள்" என்று முடிவுக்கு வருவதுதான் குறை. சூட்டைப் பார்க்காத மாதிரியை நாமே தேர்ந்தெடுத்தோம், அது பார்க்கவில்லை. மற்ற இரண்டான ஒற்றை டையோடு மாதிரியும் சாண்டியா மாதிரியும் செல் வெப்பநிலையைக் கணக்கில் எடுத்துக்கொள்பவை.

எளிய மாதிரியிலேயே 20 சதவீதத் திறனை 18 ஆக்கி சூட்டுக்குக் கழித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஆண்டு மொத்தம் ஓரளவு சரியாக வரும். நேரம்தான் தப்பும்: குளிர்ந்த காலையில் தேவையில்லாமல் கழிக்கும், கொதிக்கும் மதியத்தில் போதாமல் கழிக்கும். ஏசி முழுமூச்சில் ஓடும் நேரமும் அந்த மதியம்தான் என்பதால், எந்த மணியில் எவ்வளவு என்று பார்ப்பவருக்கு இது உதவாது.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. பிவிவாட்ஸ் என்ற இலவசக் கருவியில் இழப்புகள் 14 சதவீதம் என்று முன்பே நிரப்பி வைத்திருப்பார்கள். தூசி, கம்பி, நிழல், பேனலுக்குப் பேனல் உள்ள சிறு வேறுபாடு போன்றவை அதில் அடக்கம். வெப்பநிலை அதில் இல்லை, ஏனென்றால் கருவி அதை மணிக்கு மணி தனியாகக் கணக்கிட்டுவிடுகிறது. "இங்கே சூடு அதிகம்" என்று அந்த 14-ஐ 24 ஆக்கினால் சூட்டுக்கு இரண்டு தடவை தண்டம் கட்டுகிறோம்.

சராசரி ஏமாற்றும்

ஒரு நாளின் 24 மணி நேரச் சராசரிக் காற்று வெப்பநிலை 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிசியும் 25 டிகிரி. ஆக வெப்பநிலை இழப்பு பூஜ்யமா? அந்தச் சராசரியில் பாதி, பேனல் தூங்கும் இரவு. இரவின் குளிர்ச்சி மின்சாரக் கணக்கில் சல்லிக்காசு பெறாது.

பகலை மட்டும் எடுத்தாலும் எல்லா மணியும் சமம் இல்லை. ஒரு மணியில் ஒளி 200 வாட், செல் 30 டிகிரி. இன்னொரு மணியில் ஒளி 900 வாட், செல் 60 டிகிரி. வெறும் சராசரி 45. ஆனால் மின்சாரத்தில் பெரும்பங்கு இரண்டாவது மணியில் வருவதால், ஒளிக்கு ஏற்ற எடை கொடுத்தால் சராசரி 54.5 டிகிரி. பேனல் அதிகம் சம்பாதிக்கும் நேரமும் அதிகம் சூடாகும் நேரமும் ஒன்றே. மாதச் சராசரியை வைத்துப் போடும் கணக்கு ஏன் எப்போதும் நல்ல பக்கமாகவே சாய்கிறது என்பது இதில் தெரியும்.

குளிரில் எதிர்ப்பக்கம்

வோல்ட்டேஜ் சூட்டில் இறங்கும் என்றால் குளிரில் ஏறும். உற்பத்திக்கு அது லாபம். ஆனால் இன்வெர்ட்டருக்கு அது ஆபத்தாகலாம்.

பேனல்களை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும்போது அவற்றின் வோல்ட்டேஜ் கூடிக்கொண்டே போகும். இந்த வரிசைக்கு ஸ்ட்ரிங் என்று பெயர். சுமை இல்லாதபோது 50 வோல்ட் காட்டும் பேனல் 20 சேர்த்தால் 25 டிகிரியில் சரியாக 1000 வோல்ட். இன்வெர்ட்டரின் உச்ச வரம்பும் 1000 வோல்ட் என்றால் காகிதத்தில் கச்சிதம். வோல்ட்டேஜ் குணகம் 0.27 என்று வைத்து, வெப்பநிலையை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக்கு இறக்கினால் 35 டிகிரி வித்தியாசம், 9.45 சதவீத ஏற்றம், 1094 வோல்ட். இன்வெர்ட்டர் சுடச்சுடப் போகும், குளிரில். 18 பேனலோடு நிறுத்தினால் 985 வோல்ட். 19 போட்டாலே வரம்பு தாண்டிவிடும்.

இங்கே எந்த வெப்பநிலையை எடுப்பது? இவ்வளவு நேரம் காற்றின் வெப்பநிலையை எடுக்காதீர்கள் என்று சொல்லிவந்தேன். இந்த ஒரு கணக்கில் அதைத்தான் எடுக்க வேண்டும், அதுவும் அந்த இடத்தில் பதிவான மிகக் குறைந்ததை. காரணம் விடியல். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பேனல், சூரியன் எட்டிப் பார்க்கும் நொடியில் காற்றின் வெப்பநிலையில்தான் இருக்கும். சூடாக இன்னும் நேரம் ஆகவில்லை. வோல்ட்டேஜுக்கோ நிறைய ஒளி தேவையில்லை, மங்கிய வெளிச்சத்திலேயே முக்கால்வாசிக்கு மேல் ஏறி நின்றுவிடும். இன்வெர்ட்டரும் இன்னும் விழித்துக் கரண்டை இழுக்கத் தொடங்கியிருக்காது. அதனால் ஸ்ட்ரிங்கில் எத்தனை பேனல் என்று முடிவு செய்பவர், ஆண்டு உற்பத்திக்குப் போட்ட 66 டிகிரிக் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த விடியற்காலையின் எண்ணை எடுத்துக்கொள்வார்.